கரிச்சான் குறுக்கே வந்த நாள்

கோடை விடுமுறைக்குச் சொந்த ஊருக்குச் செல்லும் பாக்கியம் நம்மில் எத்தனை பேருக்கு இன்னும் இருக்கிறது? மும்பையிலும் புனேயிலும் சூரத்திலும் பிழைப்பை நாடி வந்து, பிள்ளைகளை இங்கேயே வளர்த்துவிட்ட பலருக்கு, ஊர் என்பது திருமணப் பத்திரிகையில் அச்சிடப்படும் ஒரு பெயராக மட்டும் ஆகிவிட்டது. கர்த்தர் எங்களுக்கு அந்தப் பாக்கியத்தை வைத்திருந்தார். அதை விலைபேசத் துணிந்தவன் நான். அதைக் குறித்தே இந்தச் சாட்சியை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சாத்தான்குளத்துக்கு அருகே, தேரியை ஒட்டியுள்ள ஒரு சிறிய கிராமம். தேரி என்றால் செம்மணல் மேடு. கண்ணுக்கெட்டிய தூரம் பனையும் உடைமரமும் கொல்லாமரமும் நிற்கும். மேல்காற்று வீசும் மாதங்களில் செம்மணல் பறந்து, வெளுத்துக் காயப்போட்ட வேட்டியும் சிவந்துபோகும். என் தகப்பனார் ஆரம்பப்பள்ளி ஆசிரியர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒவ்வொரு அறையாக அவர் கட்டிய ஓட்டுவீடு அது. வீடும் தோட்டமும் சேர்ந்து முப்பது சென்ட். அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு, அம்மா அங்கே தனியாக இருக்கிறார்கள்.

கொரோனா காலமான 2020-லும் 2021-லும் எங்களால் ஊருக்குப் போக முடியவில்லை. இரண்டு கோடைகள் அம்மா எங்களைக் காணாமலே கழிந்தன. 2022-ஆம் ஆண்டு மே மாதம், ஒன்றரை நாள் ரயிலிலும் பிறகு பேருந்திலுமாகப் பயணம் செய்து, விடியற்காலையில் வீடு போய்ச் சேர்ந்தோம். வாசலில் அம்மா நின்றிருந்தார்கள். அவர்களுடைய சேலை முந்தானை ஓரத்தில் மூன்று பூனைகளும் நின்றிருந்தன.

பிள்ளைகள் ஆச்சியைக் கட்டிக்கொள்வதற்கு முன்னே பூனைகளின் பெயரைக் கேட்டார்கள். கரிய ஆண்பூனைக்குக் கரிச்சான் என்று பெயர். வெள்ளையும் கருப்பும் செம்மையும் கலந்தவள் புள்ளி. மூன்றாவது, பல் விழுந்த சாம்பல்நிறப் பூனை. அதை அம்மா “கிழவி” என்றே அழைத்தார்கள். “எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு” என்று சொல்லிச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து நான் கண்ட அம்மாவின் ஒரு நாளை எழுதுகிறேன்.

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, தார்சாவில் பாய் விரித்து முழங்காலில் நிற்பார்கள். அண்டை வீட்டார், உறவினர், எங்கள் மும்பைச் சபைப் போதகர், பிள்ளைகளின் தேர்வு என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி ஜெபிப்பார்கள். கிழவி அந்தப் பாயின் ஓரத்தில் சுருண்டு படுத்திருக்கும். ஆமென் என்ற சத்தம் கேட்டதும் எழுந்து சோம்பல் முறிக்கும். நான் மும்பையில் அலாரம் வைத்தும் ஐந்தரைக்கு எழ இயலாதவன். இதைப் பார்க்க எனக்கு வெட்கமாயிருந்தது.

வெளிச்சம் வந்ததும் தோட்டத்து வேலை. முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை, ஒரு மாமரம், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் நான்கு வாழை, வேலியோரமாக மல்லிகை. கோடையில் கிணற்றுநீர் அடியில் கிடக்கும். ஆகவே அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு, குளித்த தண்ணீர் வாழைக்கு என்று அம்மாவிடம் ஒரு கணக்கு உண்டு. ஒரு செம்பு தண்ணீரும் வீணாய் மண்ணில் போகாது. மும்பையில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கும் என் மகன், மூன்றாம் நாளே ஆச்சியின் கணக்கைக் கற்றுக்கொண்டான்.

தோட்டத்தில் ஆறு பனைகள் உண்டு. அவற்றைப் பாட்டத்துக்கு எடுத்திருந்த பனையேறி அண்ணாச்சி காலையில் பதநீர் இறக்குவார். பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கும். அந்தச் சுண்ணாம்பு இல்லாவிட்டால், மரத்தில் இருக்கும்போதே பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். மரம் ஒன்றே, பாளையும் ஒன்றே, ஊறுகிற நீரும் ஒன்றே. ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம். பிள்ளைகள் பனையோலைப் பட்டையில் பதநீரை வாங்கி, மூக்கு நனையக் குடித்தார்கள். அண்ணாச்சியின் மனைவி மிச்சத்தைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவார்கள்.

அந்தக் கருப்பட்டியைப் பானையில் அடுக்கி, அடுக்களையில் அம்மா வைத்திருந்தார்கள். எலி தொடாதபடி கரிச்சான் இரவெல்லாம் அங்கேயே சுற்றும். ஆனால் அது ஒருநாளும் கருப்பட்டியை நக்கிப் பார்த்ததில்லை. பூனையின் நாவுக்கு இனிப்பை உணரும் திறன் இல்லை என்பதை ஆய்வாளர்கள் 2005-இல் கண்டறிந்தார்கள். தனக்கு ருசியே தெரியாத ஒன்றை அது பிறருக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

ஒன்பது மணி வாக்கில் மீன்காரர் வண்டியின் சத்தம் தெருமுனையில் கேட்கும். நமக்குக் கேட்பதற்கு முன்பே பூனைகளுக்குக் கேட்டுவிடும். சாளை வாங்கினால் தலைகள் அவற்றுக்கு. நண்பகலில் வெயிலுக்கு அஞ்சி ஊரே கதவடைக்கும். அப்போது அம்மா நுங்கு வெட்டித் தருவார்கள். மாலையில் மறுபடியும் தண்ணீர். இருட்டியதும் முற்றத்தில் பாய் விரித்துக் குடும்ப ஜெபம்.

ஒருநாள் ஜெபம் முடிந்ததும் மகள் கேட்டாள்: “ஆச்சி, வேதத்தில் சிங்கம் இருக்கு, நரி இருக்கு, கோழிகூட இருக்கு. வீட்டுப் பூனையைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே, ஏன்?”

அம்மா யோசிக்கவேயில்லை. “பேரு எழுதலைன்னா என்ன? சோறு போடாம விட்டுட்டாரா?” என்றார்கள்.

எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவன் நான். அந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை என்னால் சொல்லியிருக்க முடியாது.

பிரியமானவர்களே, இப்படி ஒரு வீட்டுக்கு நான் வெறுமனே விடுமுறைக்குப் போகவில்லை. அதை விற்கும் எண்ணத்தோடு போனேன்.

திருமணமான பதினாறு ஆண்டுகளில் நாங்கள் ஏழு வாடகை வீடுகள் மாறியிருந்தோம். தாராவியில் பத்துக்குப் பதினைந்து அடி அறையில் தொடங்கி, சயான், முலுண்டு, தானே, டோம்பிவிலி என்று ரயில் தடத்தோடு நகர்ந்துகொண்டே போனோம். பதினொரு மாத ஒப்பந்தம் முடியும்போதெல்லாம், வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று என் மனைவிக்கு உறக்கம் வராது. பெட்டிகளின் மேல் எழுதிய “பாத்திரம்”, “புத்தகம்” என்ற எழுத்துகளை நாங்கள் அழிப்பதேயில்லை. அடுத்த முறைக்கும் வேண்டும் அல்லவா? சொந்தமாய் ஒரு சிறிய வீடு வேண்டும் என்று உபவாசித்து ஜெபித்தோம். வங்கிக் கடன் கிடைக்கும் நிலை இருந்தது. முன்பணம்தான் இல்லை. ஊர் வீட்டை விற்றால் அது கைக்கு வரும். அம்மாவையும் நம்மோடு வைத்துக்கொள்ளலாம். இதில் தவறேதும் இல்லை என்றே நினைத்தேன்.

தூத்துக்குடியில் வியாபாரம் செய்யும் ஒரு பெரியவர் தேரிப் பக்கம் தோட்டத்துடன் வீடு தேடுவதாகக் கேள்விப்பட்டு, மும்பையிலிருந்தே அவரோடு தொலைபேசியில் பேசினேன். “பெரியம்மாவுக்குச் சம்மதம்தானே தம்பி? அவங்க மனசு நோக நான் வாங்க மாட்டேன்” என்று அவர் கேட்டார்.

“சம்மதம்தான் ஐயா” என்றேன்.

அம்மாவிடம் அதுவரை நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. நேரில் போய்ப் பக்குவமாய்ச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள், ஆகவே இது பொய்யல்ல, சற்று முன்கூட்டிச் சொன்ன உண்மை என்று என் மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊருக்குப் போன பின்போ, பேச நினைத்த ஒவ்வொரு மாலையிலும் அம்மா ஏதாவது ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று நாள்களைக் கடத்தினேன்.

இதற்கிடையில் புள்ளி விறகுப்புரையில் மூன்று குட்டிகளை ஈன்றிருந்தது. கண் திறவாத குட்டிகள். பூனை தன் குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்று நம் ஊர்களில் சொல்வார்கள் அல்லவா? அதைச் சோதித்தறிய என் மகள் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். விறகுப்புரையிலிருந்து அடுக்களைப் பரணுக்கு, பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டிக்கு, அங்கிருந்து தார்சா மூலைக்கு என்று புள்ளி ஒவ்வொன்றாய்க் கவ்விச் சென்றது. பிடரியைக் கவ்வியதும் குட்டி கால்களை மடக்கி, அசையாமல் தொங்கும். எங்கே போகிறோம் என்று அதற்குத் தெரியாது. தாயின் வாயிலிருக்கிறோம் என்பதே அதற்குப் போதுமாயிருந்தது.

என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டே, “நம்மையும் இப்படித்தானே ஏழு வீடு தூக்கிட்டு வந்திருக்கார்” என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை அந்தப் பெரியவர் அச்சாரப் பணத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அம்மாவிடம் இன்னும் நான் பேசியிருக்கவில்லை.

காலை பத்து மணிக்குக் கார் வந்து நின்றது. கையில் துணிப்பையோடு பெரியவர் இறங்கினார். நான் பின்கட்டிலிருந்து ஓடிவருவதற்குள், வாசலில் நின்ற அம்மாவைக் கண்டு கைகூப்பி, “தம்பி உங்க சம்மதத்தைச் சொன்னதாலதான் வந்தேன் பெரியம்மா” என்றார். நான் வாசல்படியில் நின்றுவிட்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “வெயில்ல வந்திருக்கீங்க, உள்ள வாங்க” என்று மட்டும் சொன்னார்கள்.

அவர் காலை எடுத்து வைத்தார். அந்நேரத்தில் மீன்காரர் வண்டியின் சத்தம் தெருமுனையில் கேட்டது. வேலியிலிருந்து குதித்த கரிச்சான், அவருக்கு முன்னே இடமிருந்து வலமாக ஓடிற்று.

பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். முகம் மாறிவிட்டது. “மனசு ஒரு மாதிரியா இருக்கு தம்பி. இன்னைக்கு வேண்டாம், வேறொரு நாள் பார்ப்போம்” என்றார். அம்மா அவரை வெறுமனே அனுப்பவில்லை. வாசலிலேயே நாற்காலி போட்டு, பதநீர் கொடுத்து, மரியாதையாய் வழியனுப்பினார்கள்.

கார் மறைந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். “கரிச்சான் நம்ம வீட்டைக் காப்பாத்திட்டான்!” என்று மகன் குதித்தான். எனக்கோ கோபம் தலைக்கேறிற்று. சகுனம் பார்ப்பது எத்தனை மூடத்தனம், மெய்யான தேவனை அறியாததால் வரும் பயம் இது என்று மனைவியிடம் ஒரு பிரசங்கமே செய்தேன். நான் சொன்ன உபதேசம் சரியானதே. அதைச் சொல்லும் தகுதி அன்றைக்கு எனக்கு இருந்ததா என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பகல் முழுவதும் அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. வழக்கம்போல் நுங்கு வெட்டித் தந்தார்கள். மாலையில் தண்ணீர் ஊற்றினார்கள். இரவு ஜெபம் முடிந்து பிள்ளைகள் உறங்கிய பின், என் அருகே வந்து அமர்ந்தார்கள்.

“பூனை குறுக்க வந்து இந்த வீடு நிக்க வேண்டாம்யா. அப்படி நின்னா அது நமக்குச் சாட்சியா? நாளைக்கு அவரு வேற நல்ல நேரம் பார்த்துட்டு வருவாரு. அப்ப என்ன செய்வ?”

நான் தலைகுனிந்திருந்தேன்.

“உனக்கு வேணும்னா வித்துக்கோ. நாபோத்து தோட்டம்னு சொல்லி நான் குறுக்க நிக்க மாட்டேன். உங்க அப்பா உங்களுக்காகத்தான் கட்டினாரு. ஆனா என் வாயில இல்லாத சொல்லை என் பேருல சொல்லாத.”

இதைக் கோபமாய்ச் சொல்லியிருந்தால் நானும் எதிர்த்துப் பேசியிருப்பேன். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்கள்.

அன்றிரவு ஆகாப் ராஜாவைப்போலக் கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தேன். ஆனால் என்னை உறுத்தியது ஆகாபின் கதை அல்ல. அப்போஸ்தலர் நடபடிகளில் பர்னபா தன் நிலத்தை விற்றுப் பணத்தை அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்ததை வாசிக்கிறோம். அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே அனனியாவும் தன் காணியாட்சியை விற்கிறான். இருவரும் விற்றார்கள். விற்றதற்காகப் பேதுரு அனனியாவைக் கடிந்துகொள்ளவில்லை. விற்குமுன் அது அவனுடையதாகவே இருந்தது, விற்ற பணமும் அவன் அதிகாரத்திலேயே இருந்தது என்றுதான் அவர் சொல்கிறார். அவனை வீழ்த்தியது பொய். எத்தனையோ முறை இந்தப் பகுதியை நான் சபையில் பேசியிருக்கிறேன். நிலம் விற்கப்போன ஒருவனாய் அன்றுதான் அதை வாசித்தேன்.

சொந்த வீடு வேண்டும் என்ற ஆசை தீயதல்ல. பாளையில் ஊறுகிற நீரைப்போல் அதுவும் இனிமையாகவே தொடங்கியது. உண்மை என்னும் சுண்ணாம்பைத் தடவாமல் நான் கலயத்தைக் கட்டிவிட்டேன். அது எனக்குத் தெரியாமலே புளித்துப்போயிற்று. அம்மாவின் மனதை மாற்றும் ஆண்டவரே என்று மூன்று மாதம் ஜெபித்திருந்தேன். என் மனதைச் சோதித்துப் பாரும் என்று ஒருநாளும் ஜெபித்ததில்லை.

நான்கு மணிக்கு அம்மா பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. எழுந்து போய் அவர்களருகே முழங்காலில் நின்றேன். முதலில் ஆண்டவரிடத்திலும், பிறகு அம்மாவிடத்திலும் மன்னிப்புக் கேட்டேன். அம்மா, “சரிய்யா, சரிய்யா” என்று மட்டும் சொன்னார்கள்.

விடிந்ததும் பெரியவரைத் தொலைபேசியில் அழைத்து, இப்போது விற்கவில்லை என்று தெரிவித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, “அப்பவே நினைச்சேன் தம்பி. பூனை குறுக்க வந்ததே காட்டிக்கொடுத்திடுச்சு” என்றார். அந்த வார்த்தையோடு விட்டிருந்தால் என் மானம் தப்பியிருக்கும். ஆனால் விட முடியவில்லை. “இல்லை ஐயா, பூனைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அம்மாவைக் கேக்காமலே சம்மதம்னு சொன்னேன். நான் சொன்னது பொய். என்னை மன்னிச்சிடுங்க” என்றேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை. “இவ்வளவையும் சொல்லணும்னு இல்லையே தம்பி” என்று மெதுவாய்ச் சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு அம்மாவோடு ஒளிவின்றிப் பேசினோம். மும்பைக்கு வந்துவிடுகிறீர்களா என்று முதன்முறையாக நான் கேள்வியாகவே கேட்டேன். “கிறிஸ்துமஸுக்கு வந்து ஒரு மாசம் இருக்கேன். அப்ப இங்க மழைக்காலம், செடிக்குத் தண்ணி வேண்டாம். பூனைகளுக்குப் பக்கத்து வீட்டுல சோறு வைப்பாங்க. கோடையில வரமாட்டேன். தண்ணி ஊத்த ஆள் வேணும்லா” என்றார்கள். இத்தனை தெளிவான பதிலை நான் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

புறப்படும் நாளுக்குள் புள்ளி ஐந்தாவது இடத்துக்குக் குட்டிகளை மாற்றியிருந்தது. குட்டிகளின் கண்கள் திறந்துவிட்டன. ஏழு வரை எண்ணமுடியவில்லையே என்று மகளுக்கு வருத்தம். ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் கறிவேப்பிலைக் கன்று ஒன்றை வைத்து, “தண்ணி ஊத்துறதை மறந்துடாத” என்று அம்மா அவள் கையில் கொடுத்தார்கள்.

இதற்குப் பிறகு அற்புதமாய் எங்களுக்குச் சொந்த வீடு கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். இது எட்டாவது வீடு, கல்யாணில். கறிவேப்பிலைக் கன்று எங்களோடு இங்கே வந்தது. இப்போது ஜன்னல் கம்பி உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. அரிசி களைந்த தண்ணீர் அதற்குத்தான் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அம்மா சொன்னபடியே ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து ஒரு மாதம் தங்குகிறார்கள். கோடையில் நாங்கள் போகிறோம். கிழவி இப்போது இல்லை. கரிச்சான் இருக்கிறது.

தேவபிள்ளைகளே, ஊரிலுள்ள வீட்டை விற்பதா, வைத்திருப்பதா என்பது ஒவ்வொரு குடும்பமும் ஜெபித்து முடிவெடுக்க வேண்டிய காரியம். விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயதான தாய் தகப்பனுக்காக முடிவெடுக்கும்போது, அவர்கள் சொல்லாத சம்மதத்தை நாமே சொல்லிவிடாதிருப்போம். அவர்களிடம் கேட்போம். பதில் நமக்குப் பிடிக்காததாயிருந்தாலும் கேட்போம். முதிர்வயதுமட்டும் தம்முடைய ஜனத்தைத் தாங்குவதாக ஏசாயா 46-ஆம் அதிகாரத்தில் வாக்குப்பண்ணின தேவன், அவர்களையும் தாங்குவார். வீடு மாறி வீடு மாறி அலைகிற நம்மையும் கீழே விடமாட்டார். அவருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.